இரண்டு நொடி

இழுவை வண்டியின் கொக்கியில் தொங்கிக்கொண்டு
என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது சாம்பல் நிறக் கார்.
ருஸ்தாவிச் சந்தையில் ஜனவரி.
பூட்டுக்கும் ஜலதோஷம் பிடிக்கிற மாதம்.

நுக்ஸார் கையில் புத்தம்புதுச் சாவி.
"கதவு திறக்குது. எஞ்சின் பிடிக்குது.
ரெண்டே நொடி, பிறகு செத்துப்போகுது.
பேட்டரி மாத்தினேன். பெட்ரோல் பம்ப் மாத்தினேன்.
மச்சான் சொன்னான்னு பிளக்கையும் மாத்தினேன்."
அவர் மாற்றாதது மச்சானை மட்டும்தான்.

டாஷ்போர்டில் நீளமாய்க் கறுப்பு டேப்.
"இது?"
"வாங்கும்போதே இருந்தது.
ஏதோ எரிஞ்சுக்கிட்டே இருக்குமாம்,
கண்ணை உறுத்துமாம்."

நகத்தால் உரித்தேன்.
அடியில் ஒரு சிற்றூரே தூங்காமல் கிடந்தது.
லாடத்துக்குள் நிற்கும் ஆச்சரியக்குறி, டயரில் காற்றில்லை.
மடியில் பந்தோடு உட்கார்ந்த மனிதன்,
ஒஹாயோவில் எந்த மரத்தில் மோதியபோது போனதோ அந்த ஏர்பேக்.
ஓரத்தில், சிவப்பாக,
காரின் மேல் ஒரு பூட்டு.
மினுக். மினுக்.
மூன்று வாரமாய் டேப்புக்குக் கீழே
அது விடையைச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

சாவியைப் பிளந்தேன். உள்ளே காலி.
"பழைய கூடு?"
"உடைஞ்சிருந்தது. அடுப்புல போட்டேன்."

எப்படிச் சொல்வேன் அவருக்கு.
உலோகப் பல்லுக்குக் கதவோடுதான் பேச்சு.
எஞ்சின் தேடுவது வேறு ஆளை:
அரிசிமணி போல ஒரு கண்ணாடிச் சில்லு.
அதற்கு பேட்டரி கிடையாது, சொந்த மூச்சு கிடையாது.
சாவித்துளையைச் சுற்றிய கம்பிச்சுருள்
யாரது என்று கேட்கும்.
அந்தக் கேள்வியிலிருந்தே ஒரு வாய்க் காற்றை இழுத்து
அது தன் எண்ணைச் சொல்லும்.
யாரும் கேட்காவிட்டால் ஆயுசுக்கும் ஊமை.
பதில் வராவிட்டால்
இரண்டு நொடி பொறுக்கும் கார்.
அதன் மரியாதை அவ்வளவு.

கணினியைச் செருகினேன்.
பத்து நிமிடம் காத்திரு என்றது.
திருடனுக்குப் பொறுமை இருக்காது என்று
நம்புகிற இயந்திரம்.

தேநீர் ஊற்றினேன். சொன்னேன்:
சிவப்பு வந்தால் பாலத்தின் நடுவில் என்றாலும் நில்.
மஞ்சள் என்றால் வீடுவரை போகலாம்,
ஆனால் அதை ஒரு மாதமாய் இழுக்காதே.
பச்சையும் நீலமும் சும்மா பேச்சுக்கு.
"நான் எல்லாத்தையும் மஞ்சள்னு நினைச்சேன்" என்றார்,
காரைப் பார்க்காமல்.

திரையில் வந்தது:
பதிவான சாவிகள், மூன்று.
விரலை மடக்கினார்.
அடுப்பில் போனது ஒன்று.
இன்னொன்று சியாலாவின் கைப்பையில், பாரி நகரத்தில்,
ஓர் இத்தாலியக் கிழவரின் மருந்து டப்பாக்களுக்கு நடுவே.
நாலு வருஷமாய்.
மூன்றாவது?
பின்கண்ணாடியில் பாதி உரிந்த பள்ளிக்கூட ஸ்டிக்கர்.
அந்த வீட்டின் இழுப்பறையில் கிடக்கும்.

பழைய சாவிகளை அழிக்கவா?
ஆம். இல்லை.

"எல்லாரும் ஆம்னுதான் சொல்வாங்க" என்றேன்.
"அழிச்சிட்டா அந்தச் சாவிங்க கதவைத் திறக்கும்.
உள்ளே வந்து உக்காரலாம்.
ரெண்டு நொடி ஓடும்."
"ஒண்ணை மட்டும் விட்டுட்டு அழிக்க முடியாதா?"
"இங்கே கையில இருக்கிறதைத்தான் அதுக்குத் தெரியும்.
இல்லாததெல்லாம் அதுக்கு ஒண்ணுதான்."

தேநீரில் ஆடை படிந்தது.
"இருக்கட்டும்."
"ஒஹாயோக்காரருமா?"
"அவரும் இருந்துட்டுப் போகட்டும். வரவா போறார்."

இல்லை என்பதை அழுத்தினேன்.
நாலாவது சாவியைத் திருகினார்.
ஒன்று. இரண்டு.
மூன்று.
ஏழுவரை எண்ணிவிட்டுத்தான்
இருவரும் உரக்க எண்ணுவது தெரிந்தது.
பூட்டு அணைந்தது. மற்ற விளக்குகள் அப்படியே.

டேப்பைக் கேட்டார்.
தரமாட்டேன் என்றேன், முதலில் காற்றை அடைங்க.
பனிச்சேற்றை வாரியடித்துக்கொண்டு போனார்.

டேப் என் கையுறையில் ஒட்டியிருந்தது.
சாயங்காலம்வரை உதறினேன்,
விழவில்லை.